எங்கள் வசம் இல்லை

"பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறவன் முதலில்..." முதலில் என்ன செய்யவேண்டும் என்று சொன்னார் அந்த ஓய்வுபெற்ற நீதிபதி? ஏதோ ஒரு வழக்கறிஞர் கூட்டத்தில் கேட்டது. செங்குட்டுவனுக்குப் பாதிதான் நினைவில் நின்றது. மீதியை யோசித்தால் எரிச்சல்தான் வந்தது.

செங்குட்டுவன் பம்பு கம்பெனி ஒன்றின் சட்ட அதிகாரி. தங்கள் வால்வைக் காப்பியடித்துவிட்டதாக எதிராளி போட்ட காப்புரிமை வழக்கில், கம்பெனியின் வசத்திலும் கட்டுப்பாட்டிலும் உள்ள ஆவணங்களையெல்லாம் காட்டச் சொல்லியிருந்தது நீதிமன்றம். வால்வைச் சோதித்த பதிவேடுகள் ஓசூரில், துணைக் கம்பெனியில் இருந்தன. எதிராளியின் பம்பைக் கழற்றிப் பார்த்த தேதியும் அவற்றில் இருந்தது. 'எங்கள் வசம் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போடு, முடியாவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள் என்றுவிட்டார் முதலாளி.

பிரமாணப் பத்திர வரைவைத் தூக்கிக்கொண்டு மூன்றாவது முறையாகத் தன் பழைய சீனியர் வேதவல்லியிடம் போனார். முன்பு இரண்டு தடவையும் வேதவல்லி படித்துவிட்டு அப்படியே திருப்பித் தந்திருந்தார். இந்தத் தடவை வாயைத் திறந்தார்.

"மூணு வரைவு. மூணுலயும் அதே புளுகு. கமா மட்டும் இடம் மாறியிருக்கு."

செங்குட்டுவனுக்குப் பொறுக்கவில்லை. தனிப் பெயர், தனி முத்திரை, தனி இயக்குநர்கள் என்று விரல்விட்டு எண்ணிக் காட்டினார். சட்டப்படி ஓசூர் வேறொரு ஆள், வேறொரு ஆளின் பீரோவைத் திறக்க நான் யார் என்று கேட்டார்.

"சட்டம் எனக்கும் கொஞ்சம் தெரியும்ப்பா," என்றார் வேதவல்லி. "அந்தப் பதிவேட்டுக்கு என்ன கலர்ல அட்டை?"

"கலர் எதுக்கு மேடம் இப்ப?"

"ஓசூர்ல கேட்டுச் சொல்லு. ஸ்பீக்கர்ல போடு."

தலையெழுத்தே என்று ஓசூர் மேலாளர் ஜெபராஜை அழைத்தார். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார் ஜெபராஜ். அட்டையின் நிறத்தைத் தவிர செங்குட்டுவன் வேறெதுவும் கேட்கவில்லை.

"பச்சை சார். மொத்தம் ஏழு. வண்டி சும்மாதான் நிக்குது. எத்தனை மணிக்கு அங்க வேணும் சார்?"

பிறகு சொல்கிறேன் என்று செங்குட்டுவன் போனை வைத்தார்.

வேதவல்லி சிரிக்கவில்லை.

"உன் வசம் இல்லாத ஏழு புஸ்தகம், எத்தனை மணிக்கு வரட்டும்னு உன்னையே கேக்குது."

செங்குட்டுவன் 'எங்கள் வசம் இல்லை' என்ற வரியை அடித்தார். 'ஏழு பதிவேடுகள் எங்கள் கட்டுப்பாட்டில் உள்ளன' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.