அறுபது அத்திப்பழம்

மலைக்காட்டில் அடுத்தடுத்த மரங்களில் இரண்டு இருவாச்சிப் பறவைகள் குடியிருந்தன. ஒருவன் பொன்னலகன், இன்னொருவன் கரியன். அவர்கள் பறந்தால் சிறகுச் சத்தம் பள்ளத்தாக்கு வரைக்கும் கேட்கும். அலகும் பெரிது, ரோஷமும் பெரிது!

இருவாச்சிக் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. முட்டையிடும் காலம் வந்தால் மனைவி மரப்பொந்துக்குள் போய் உட்கார்ந்து, வாசலை மண்ணால் பூசி அடைத்துக்கொள்வாள். அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீறல்தான் மிச்சம். அவளுக்கும் பிறக்கும் பிள்ளைக்கும் மூன்று மாதம் புருஷன்தான் இரை கொண்டுவர வேண்டும். தொண்டை நிறையப் பழங்களை அடக்கி வந்து, ஒவ்வொன்றாக வெளியே எடுத்து ஊட்ட வேண்டும். அவன் வராவிட்டால் உள்ளே இருப்பவர்கள் பட்டினிதான்.

அந்த வருஷம் பொன்னலகன் ஒரே நடையில் அறுபது அத்திப்பழம் கொண்டுவந்தான். கரியனுக்கு நாற்பதுக்கு மேல் முடியவில்லை. நாற்பது ஒன்றும் குறைச்சல் இல்லை. ஆனால் பக்கத்தில் ஒரு மலையணில் இருந்ததே! அதன் வாய் சும்மா இருக்குமா?

"அறுபது! இன்னைக்கும் அறுபது! பொன்னலகண்ணனை அடிச்சுக்க ஆளே இல்லை!" என்று கிளைக்குக் கிளை தாவிக் கத்தும்.

கரியனுக்கு வயிறு பற்றி எரியும். 'இவன் ஏதோ தில்லுமுல்லு பண்றான்' என்று முணுமுணுப்பான்.

ஒருநாள் வீம்புக்கு எழுபது பழத்தைத் தொண்டைக்குள் திணித்தான். எழும்பப் பார்த்தான், முடியவில்லை. தத்தினான், தடுமாறினான், காட்டுப்பன்றிகள் புரளும் சேற்றில் தொப்பென்று விழுந்தான். பழமெல்லாம் பன்றிகளுக்குப் போய்ச் சேர்ந்தது. சேற்றைக் கழுவிக்கொண்டு அவன் வீடு திரும்பும்போது மதியம் ஆகிவிட்டது.

பொந்துக்குள்ளிருந்து மனைவி பூவாயி சீறினாள். "பிள்ளை காலையிலேருந்து கத்துது! நான் உங்ககிட்ட பழம் கேட்டேனா, எண்ணிக்கை கேட்டேனா?"

கரியன் உடனே மறுபடி பறந்துபோய் நாற்பது பழம் கொண்டுவந்து ஊட்டினான். ஆனால் பொறாமை மட்டும் போகவில்லை.

பிறகு ஒரு பெருமழை வந்தது. மறுநாள் கரியன் அத்திமரத்துக்குப் போனான். அங்கே தாழ்ந்த கிளையில் பொன்னலகன் ஒடுங்கி உட்கார்ந்திருந்தான். முறிந்த மரக்கிளை ஒன்று அவன் சிறகில் விழுந்திருந்தது.

"கரியா, சிறகைத் தூக்கவே முடியலை. குணமாகப் பத்து நாளாவது ஆகும்போல. வீட்டுல சின்னாத்தாளும் பிள்ளையும்..." என்று வீடு இருக்கும் திசையைப் பார்த்தான்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். கரியனுக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. 'இனிமேல் நான்தான் முதல்!' என்று நினைத்துக்கொண்டு, நாற்பது பழத்தோடு கிளம்பிவிட்டான்.

வழியில்தான் பொன்னலகன் வீடு. சிறகுச் சத்தம் கேட்டதும் பொந்துக்குள்ளிருந்து அவன் மனைவி சின்னாத்தாள், "வந்துட்டீங்களா? பிள்ளை நேத்திலேருந்து வெறும் வயிறுங்க!" என்றாள். கீறல் வழியாக ஒரு குட்டி அலகு வெளியே நீண்டது. நீண்டு, திறந்தபடியே காத்திருந்தது.

கரியனை வெட்கம் பிடுங்கித் தின்றது. கிளையில் இறங்கினான்.

"நான் கரியன்மா. அவனுக்குச் சிறகில அடி. பயப்படாதே, உயிருக்கு ஒண்ணுமில்லை. அவன் எழுந்து வர்ற வரைக்கும் நான் இருக்கேன்."

"அண்ணே..." என்று சின்னாத்தாள் விம்மினாள்.

"அழுகையெல்லாம் அப்புறம்! முதல்ல அலகை நீட்டு!"

நாற்பது பழமும் அங்கேயே தீர்ந்தது. மறுபடி அத்திமரம், பிறகு தன் வீடு, மறுபடி அத்திமரம். இரண்டு வீட்டுக்கும் அலைந்து அலைந்து சாயங்காலத்துக்குள் கரியனின் சிறகு கழன்று விழும்போல் ஆனது. அப்படியும் பழம் போதவில்லை. அடுத்த நாள் வீம்பை விழுங்கிக்கொண்டு பொன்னலகனிடம் வந்தான்.

"எப்படிப்பா அறுபது கொண்டுபோறே?"

"சின்னப் பழத்தை முதல்ல அடக்கு, பெரிசு கடைசியில. தரையிலேருந்து எழும்பாதே. பாறை விளிம்புக்குப் போய் நில்லு. பள்ளத்தாக்குக் காத்து மேலே ஏறும்போது சிறகை விரிச்சு விழு. காத்தே தூக்கிட்டுப் போயிடும்."

"இத்தனை நாள் சொல்லலையே!"

"நீ கேட்கலையே! கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேன்."

கரியன் அப்படியே செய்தான். காற்று அவனைத் தூக்கியது. கிளையில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்த பொன்னலகன், அடிபட்ட சிறகையும் மறந்து துள்ளினான். "அறுபத்துமூணு! ஏ மலையணிலே, எங்கே தொலைஞ்சே? எங்க கரியன் என்னையே மிஞ்சிட்டான்! போ, காடு முழுக்கச் சொல்லு!"

கரியனுக்குக் கண் கலங்கியது. 'அவன் இடத்தில் நான் இருந்தால் இப்படிக் கத்தியிருப்பேனா?' என்று யோசித்தான். பதில் அவனுக்கே தெரியும். அது அவனுக்குப் பிடிக்கவில்லை.

பொன்னலகன் தேறி வந்தான். மூன்று மாதமும் முடிந்தது. இரண்டு வீட்டிலும் மண்பூச்சை உடைத்துக்கொண்டு தாயும் பிள்ளையும் வெளியே வந்தார்கள். பொன்னலகன் மகன் முதல் நாளே சிறகை விரித்தான். இரண்டு அடி, மூன்று அடி என்று அடித்து, பள்ளத்தாக்குக்கு மேலே போய்விட்டான்! கரியன் மகனோ கிளையை இறுகப் பிடித்தபடி நடுங்கிக்கொண்டிருந்தான்.

மலையணில் மெதுவாகக் கரியனை ஒட்டி வந்தது. "என்ன கரியண்ணே, உங்க பையன் கிளையை விடவே மாட்டேங்கிறான், அவங்க பையன் பறந்தே போயிட்டான். மனசுக்குக் கஷ்டமா இல்லையா?"

"அட போப்பா! என் பையன் நாளைக்குப் பறப்பான், இல்லைன்னா அதுக்கு மறுநாள் பறப்பான். இன்னைக்கு அந்தப் பையனோட நாள். நகரு, மறைக்காதே! நான் பார்க்கணும்!"

கரியன் கழுத்தை நீட்டி, நெஞ்சை நிமிர்த்தி, மலை அதிரக் கத்தினான்: "பறந்துட்டான்! எங்க பொன்னலகன் மகன் பறந்துட்டான்!"

அடுத்தவர் வெற்றியைத் தன் வீட்டு விசேஷமாகக் கொண்டாடத் தெரிந்தவனுக்கு வருஷம் முழுக்கத் திருவிழாதான்.