புள்ளிக்குப் பின்னால் போன நாடு

ஊருக்கெல்லாம் ஒரு வழி, இடும்பனுக்கு ஒரு வழி என்பார்கள். அசமந்த நாட்டுக்காரர்கள் அந்த இடும்பனையே கூப்பிட்டு வழி கேட்கிற ரகம். மற்றபடி தங்கமானவர்கள். ஒரு குறை சொல்ல முடியாது. சொல்ல ஆரம்பித்தால் ஒன்றோடு நிற்காது.

இணைய விலாசத்தின் கடைசியில் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு வால் உண்டல்லவா, ஒரு புள்ளியும் ரெண்டெழுத்தும்? அசமந்த நாட்டுக்கு மட்டும் அது இல்லை. இல்லையே என்று யாரும் அழவும் இல்லை. முறுக்குக்கடை முப்பிடாதிதான் முதலில் அழுதாள்.

அவள் கையால் சுற்றிய முறுக்கைத் தின்று மலேசியாவில் ஒரு கடைக்காரர் சொக்கிப்போயிருந்தார். "உன் கடைக்கு உங்க நாட்டு வாலோட இணையத்துல ஒரு விலாசம் வேணும். வெள்ளிக்கிழமைக்குள்ள இருந்தா தீபாவளி ஆர்டர் மொத்தமும் உனக்கு. இல்லேன்னா வேற ஆளைப் பார்த்துக்கிடுவேன்" என்றுவிட்டார். உள்ளூரில் வியாபாரம் படுத்துப் பல மாதம் ஆகிறது. இதுவும் போனால் கடையை மூட வேண்டியதுதான். அடித்துப் பிடித்து ஓடினாள், நாட்டுத் தலைவர் பலவேசம் அண்ணாச்சியிடம்.

அண்ணாச்சி அன்றைக்கே ஒரு வாரியம் அமைத்தார். தலைவர் அவரே. நிபுணர் எட்டியப்பன், டிவி ரிமோட்டில் பேட்டரியைத் திருப்பிப் போட்டால் வேலை செய்யும் என்று கண்டுபிடித்த மேதை. ஆபீசைத் திறந்து பூட்ட வாட்ச்மேன் காத்தமுத்து. இதற்குமேல் ஆள் போட்டால் புத்தி அதிகமாகிவிடும் என்று அதோடு நிறுத்திக்கொண்டார்கள்.

உலகத்து இணையப் பேர்களை மேலேயிருந்து கவனிக்கிற ஆபீசுக்குப் போன் போட்டார்கள். தமிழ் தெரிந்த ஓர் அதிகாரி, பாவம், பொறுமையாகச் சொன்னார்: "ரொம்பச் சுலபம். புள்ளிக்குப் பின்னால நாடு வரணும். புள்ளிக்கு முன்னால கேக்கறவங்களோட பேர் வரணும். யார் முதல்ல வர்றாங்களோ அவங்களுக்குத்தான் பேர். ஒரே பேர் ரெண்டு பேருக்கு இருக்கவே கூடாது. வெள்ளிக்கிழமை நானே கூப்பிட்டுப் பதிஞ்சுக்கறேன்."

போனை வைத்ததும் வாரியம் ஆழ்ந்து யோசித்தது.

"புள்ளின்னா யாருவே?" என்றார் அண்ணாச்சி.

"இந்த நாட்டுல பெரும்புள்ளி நீங்கதானே அண்ணாச்சி!" என்றார் எட்டியப்பன்.

அண்ணாச்சிக்கு வெட்கம் வந்துவிட்டது. "அது தெரியும்வே. வெளிநாட்டுக்காரனுக்கு எப்படித் தெரிஞ்சதுன்னுதான் கேக்கேன்."

நாடு புள்ளிக்குப் பின்னால் வரவேண்டும் என்று தண்டோரா போட்டாயிற்று. அண்ணாச்சி சவரத்துக்குப் போனால் நாடே பின்னால் போனது. "ஏ, தள்ளி நில்லுங்க" என்று சொல்ல அவர் திரும்பினார். அவ்வளவுதான், நாடு முன்னால் வந்துவிட்டதே! எல்லோரும் விழுந்தடித்து அவர் முதுகுப் பக்கம் ஓடினார்கள். அவர் மறுபடி திரும்பினார். அன்று அவருக்குப் பாதி மீசைதான் மிஞ்சியது.

மறுநாள் முப்பிடாதி புள்ளிக்கு முன்னால் வந்து நின்றாள்.

"என்ன பேர் வேணும்?" என்றார் அண்ணாச்சி.

"என் பேருதான், முப்பிடாதி. விடியுமுன்னே வந்துட்டேன் அண்ணாச்சி, முதல் ஆளு நான்தான்."

"ஆபீசைத் திறந்தது யாரு?"

"காத்தமுத்து."

"அப்ப உனக்கு முன்னால உள்ள வந்தது அவன்தானே? பேர் அவனுக்குத்தான்."

"எனக்குத்தான் ஏற்கெனவே ஒரு பேர் இருக்கே அண்ணாச்சி" என்று காத்தமுத்து தலையைச் சொறிந்தான்.

"இருந்தா இருக்கட்டும்வே. பேர் என்ன சோறா கேக்கு?"

எட்டியப்பன் தொண்டையைச் செருமினார். "ஒரே பேர் ரெண்டு பேருக்கு இருக்கக் கூடாது. ஏ முப்பிடாதி, உன் பேரைக் கழற்றி வச்சுட்டுப் போ."

"எங்கம்மா வச்ச பேருல்லா!"

"வைக்கறது அம்மா. எடுக்கறது வாரியம்."

கடைக்குப் பேர் கேட்டு வந்தவள், இருந்த பேரையும் பறிகொடுத்துவிட்டு அழுதுகொண்டே போனாள். அதைக் கண்ணால் பார்த்த பிறகும் ஜனங்கள் சும்மா இருந்தார்களா? வரிசையில் நின்று, தங்கள் பேரைக் காத்தமுத்துவிடம் கொடுத்துவிட்டு, சந்தோஷமாகக் கும்பிட்டுப் போனார்கள். அவன் பெண்டாட்டி அவனைச் சாப்பிடக் கூப்பிட்டு முடிப்பதற்குள் சோறு ஆறிப்போனது.

வெள்ளிக்கிழமை அண்ணாச்சிக்குப் பக்கத்து நாட்டில் ஒரு கல்யாணம். புள்ளி கிளம்பினால் நாடு நிற்குமா? வாரியம், வாட்ச்மேன், ஆடு மாடு எல்லாம் அவர் பின்னாலேயே கல்யாணச் சாப்பாட்டுக்கு எல்லை தாண்டிப் போய்விட்டன. முப்பிடாதி மட்டும் போகவில்லை; அவளுக்கு அண்ணாச்சி முகத்தில் விழிக்கவே பிடிக்கவில்லை. திறந்து கிடந்த ஆபீசில் போன் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். போன் அடித்தது.

"யார் பேசறது?" என்றார் அதிகாரி.

"பேரில்லீங்க."

"வாரியத்துல யாரும் இல்லையா?"

"எல்லாரும் புள்ளிக்குப் பின்னால போயிட்டாங்க."

"அடடே, நாடு புள்ளிக்குப் பின்னால வந்தாச்சா?"

"ஆடு மாட்டோட."

"பேஷ்! புள்ளிக்கு முன்னால என்ன பேர் போடணும்?"

"அதான் சொன்னேனே, பேரில்லீங்க!"

"பேரில்லீங்க... நல்லா இருக்கே. பதிஞ்சாச்சும்மா."

மலேசியாவிலிருந்து ஆர்டர் வந்து கொட்டியது. தீபாவளிக்கு அவள் அடுப்பு அணையவே இல்லை. பேரில்லாதவள் நல்ல பேர் வாங்கிவிட்டாள் என்று நாடே மூக்கில் விரல் வைத்தது.

எட்டியப்பனுக்குத்தான் தூக்கம் போயிற்று. "பேரில்லாம இருக்கிற உரிமை இப்ப அவளுக்கு மட்டும்தான் அண்ணாச்சி. இனி இந்த நாட்டுல வேற யாரும், எதுவும் பேரில்லாம இருக்கக் கூடாது." காத்தமுத்து அவள் பேரை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்கள் பேர்களைத் திருப்பிக் கொடுத்தான். தெருநாய்க்கும் தண்ணீர்க் குழாய்க்கும் புதிதாகப் பேர் வைத்தார்கள். கடைசியில் எட்டியப்பன் அவள் கடைக்கே வந்து ஒரு முறுக்கைத் தூக்கிப் பிடித்தார்.

"இதுக்கு என்ன பேர்?"

"முறுக்கு."

"அது குடும்பப் பேருல்லா. இதுக்குன்னு தனியா?"

அவள் ஒவ்வொரு முறுக்காக எடுத்துப் பேர் வைக்க உட்கார்ந்தாள்.

இப்போதெல்லாம் அங்கே முறுக்கை யாரும் எடைபோடுவது கிடையாது. பெட்டியில் அடுக்குமுன் ஒவ்வொன்றாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டு ஆஜர் எடுக்கிறார்கள். மலேசியாவில் பெட்டியைத் திறந்ததும் கடைக்காரரும் ஒருமுறை கூப்பிட வேண்டும். வழியில் ஒடியப்போகிற முறுக்குகளுக்கு முன்கூட்டியே லீவு லெட்டர் வைத்து அனுப்பிவிடுகிறாள் முப்பிடாதி. மன்னிக்கணும், பேரில்லீங்க.