பொந்துக்குள் ஒரு பகல்

மேகம் இறங்கி வந்து தங்கிவிட்டுப் போகும் ஒரு மலைக்காட்டில், குழந்தைகளே, பேரலகர் என்றோர் இருவாச்சிப் பறவை வாழ்ந்துவந்தார். மனைவி இல்லை, மகள் பிறந்த வருடமே இறந்துவிட்டாள். வெண்விழி என்று ஒரே மகள். அவளுக்கும் மலையன் என்ற இளைய இருவாச்சிக்கும் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

இருவாச்சிகளின் வழக்கம் ஒன்றை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கல்யாணம் முடிந்ததும் பெண் ஒரு மரப்பொந்துக்குள் போய் உட்கார்ந்துவிடுவாள். வாசலைச் சேற்றால் அடைத்துவிடுவார்கள். அலகு மட்டும் வெளியே நீளும்படி ஒரு பிளவு இருக்கும். முட்டையிட்டுக் குஞ்சு பொரித்து, அது வளரும்வரை மூன்று மாதம் அவளுக்கு வானமே கிடையாது; உள்ளே இருக்கும்போது பறக்கும் இறகுகளும் உதிர்ந்துவிடும். கணவன் கொண்டுவந்து பிளவு வழியாகக் கொடுக்கும் பழம்தான் சாப்பாடு. அவன் வரவில்லையென்றால் சாப்பாடும் இல்லை.

பேரலகருக்கு இருந்த சொத்து ஓர் அத்திமரம். அதில் ஒரு கிளை பழுத்து முடிந்தால் அடுத்த கிளை பழுக்கும். பார்த்துத் தின்றால் மூன்று மாதம் தாங்கும்.

ஆனால் சென்ற வாரம்தான் மலை அணில் வீட்டுக் கல்யாணம் நடந்திருந்தது. காடே திரண்டு வந்து தின்றது. பேரலகரும் போய் வயிறு முட்டத் தின்றார். அன்றிலிருந்து அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"ஒரே பெண். அணில் வீட்டுக் கல்யாணத்தைவிடக் குறைவாகச் செய்தால் நான் எப்படித் தலைநிமிர்ந்து பறப்பேன்?" என்றார்.

இந்தப் பேச்சு தாவன் என்ற குரங்கின் காதில் விழுந்தது. விருந்து என்ற சொல் எந்தக் கிளையில் கேட்டாலும் தாவன் அந்தக் கிளையில் இருப்பான்.

"கவலையை விடுங்கள், அண்ணா! விருந்துப் பொறுப்பு என்னுடையது. பந்திக்கு நூறு பேர், ஐந்து பந்தி. பழமும் காயுமாக உங்கள் அத்திமரத்தை ஒரே நாளில் இறக்கிவிடலாம். காடு ஒரு வருடம் இதையே பேசும்!" என்றான்.

பேரலகர் பூரித்துப்போனார். வெண்விழி மெல்லக் கேட்டாள்:

"அப்பா, மரத்தை ஒரே நாளில் காலி செய்துவிட்டால், பொந்துக்குள் இருக்கும் நான் எதைத் தின்பது?"

"அதெல்லாம் மாப்பிள்ளை பார்த்துக்கொள்வான். காட்டில் வேறு மரமா இல்லை?"

"அடுத்த அத்திமரம் இரண்டு மலைக்கு அப்பால் இருக்கிறது. நடுவில் கழுகுப் பாறை இருக்கிறது."

"எல்லாவற்றுக்கும் ஒரு பயம்! உன் அம்மா இருக்கவில்லையா? உன் பாட்டி இருக்கவில்லையா? பொந்துக்குள் உட்கார்ந்திருப்பது என்ன பெரிய காரியம்?"

வெண்விழி அப்பாவையே பார்த்தாள். ஆண் இருவாச்சி எதுவும் பொந்துக்குள் இருந்ததில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"சரி அப்பா. நாளை ஒரு பகல் மட்டும் நீங்கள் உள்ளே இருந்து காட்டுங்கள். மாலையில் வெளியே வந்ததும் நீங்கள் சொல்கிறபடியே விருந்து. நான் வாயே திறக்கமாட்டேன்."

"ஒரு பகல்தானே!" என்று சிரித்தார் பேரலகர்.

மறுநாள் விடிந்ததும் அவர் பொந்துக்குள் நுழைந்தார். வெண்விழியும் மலையனும் சேறு குழைத்து வாசலை அடைத்தார்கள். மலையன் பிளவு வழியாக ஒரு பழம் கொடுத்தான்.

"ஒன்றுதானா, மாப்பிள்ளை?"

"நம் மரம் விருந்தில் தீர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள், மாமா. இரண்டு மலை தாண்டிப் போய்க் கொண்டுவருகிறேன்" என்று சொல்லிவிட்டு மலையன் பறந்தான். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. உண்மையாகவே போனான்.

பொந்து இருட்டாக இருந்தது. சிறகை அரைச் சாண் கூட விரிக்க முடியவில்லை. வெயில் ஏற ஏற உள்ளே புழுங்கியது. சிறகடிக்கும் ஓசை கேட்கும்போதெல்லாம் பேரலகர் அலகை வெளியே நீட்டினார். ஒருமுறை வந்தது கிளி. ஒருமுறை வந்தது காற்று.

உச்சிவேளையில் பசி குடலைப் பிடுங்கியது. பிறகு பசியும் மறந்துபோனது. பிளவுக்கு நேரே வானத்தில் ஒரு கழுகு வட்டமிட்டுக் கழுகுப் பாறைப் பக்கம் போனதைப் பார்த்தார்.

'ஐயோ, மாப்பிள்ளை அந்த வழியாகத்தானே வரவேண்டும்! அவனுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? உள்ளே இருப்பவள் யாரைக் கூப்பிடுவாள்?'

சேற்றை உடைத்துக்கொண்டு அவர் வெளியே வந்திருக்கலாம். ஆனால் குஞ்சோடு, இறகு உதிர்ந்து கிடக்கும் பெண் வெளியே வந்து எங்கே பறப்பாள்? அப்படி நினைத்ததும் அவர் சேற்றைத் தொடவில்லை. உள்ளேயே இருந்தார்.

மலையன் திரும்பியபோது மாலையாகிவிட்டது. மூச்சு வாங்கியது. வாலில் இரண்டு இறகுகளைக் காணவில்லை. அவன் அலகில் வாடிப்போன ஒரே ஒரு பழம் இருந்தது.

பேரலகர் அதை வாங்கித் தின்னவில்லை. சேற்றை உடைத்து வெளியே வந்து கிளையில் உட்கார்ந்தார். பிறகு மகளிடம் கேட்டார்:

"வெண்விழி, நீ பிறந்த வருடம் மழை பொய்த்தது. காடெல்லாம் அலைந்தும் நாளைக்கு நான்கு பழத்துக்கு மேல் என்னால் கொண்டுவர முடியவில்லை. அந்த நான்கை வைத்துக்கொண்டு உன் அம்மா உள்ளே எப்படிச் சமாளித்தாள்?"

வெண்விழி தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்:

"நான்கையும் எனக்கே கொடுத்துவிட்டாள், அப்பா. உங்களிடம் சொல்லக்கூடாது என்றாள்."

பொந்திலிருந்து வெளியே வந்த சில நாட்களில் மனைவி இறந்தது காய்ச்சலால் என்றுதான் பேரலகர் அதுவரை நம்பியிருந்தார். அவர் அழுதார். மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள். மலையன் தலையைத் திருப்பிக்கொண்டான்.

காலையில் தாவன் நான்கு குரங்குகளோடு வந்து நின்றான்.

"மரத்தில் ஏறலாமா, அண்ணா?"

"வேண்டாம் தாவா. ஐந்து பந்தி கிடையாது."

"காடு என்ன சொல்லும்?"

"என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும். நான் பொந்துக்குள் இருந்தபோது காடு வந்து என்னை எட்டிப் பார்க்கவில்லை."

தாவன் முணுமுணுத்துக்கொண்டே வேறு கல்யாணம் தேடிப் போனான்.

"யார் யாரை அழைக்கலாம், அம்மா?" என்று பேரலகர் மகளைக் கேட்டார்.

"நான் உள்ளே இருக்கும்போது பிளவுக்குப் பக்கத்தில் வந்து ஒரு வார்த்தை பேசுகிறவர்களை அழையுங்கள்."

எண்ணிப் பார்த்தால் பதினோரு பேர்தான் தேறினார்கள்.

ஓடைக்கரையில் முள்ளிலவ மரம் ஓர் இலைகூட இல்லாமல் சிவக்கச் சிவக்கப் பூத்து நின்றது. அதன் அடியில் பனி விலகும் வேளையில் கல்யாணம் நடந்தது. பந்தல் போடவில்லை, மரமே பூவை உதிர்த்துக்கொண்டிருந்தது. ஓடையோரத்துப் பூங்குருவி தானாக வந்து பாடியது. வந்தவர்களுக்குத் தலைக்கு ஒரு பழம், குடிக்க ஓடைத் தண்ணீர். பதினோரு பேரும் மணமக்களைப் பெயர் சொல்லி வாழ்த்தினார்கள். இவ்வளவு அழகான கல்யாணத்தைப் பார்த்ததில்லை என்று கிழ மரங்கொத்தி சொன்னபோது, அது உபசாரப் பேச்சாகத் தெரியவில்லை.

காட்டில் சிலர் கேலி பேசினார்கள். மூன்றாம் நாள் அவர்களுக்கும் பேச வேறு விஷயம் கிடைத்துவிட்டது.

வெண்விழி பொந்துக்குள் போனாள். வாசல் அடைபட்டது. மலையன் பக்கத்திலிருந்த அத்திமரத்துக்கும் பொந்துக்குமாகப் பறந்து பறந்து ஊட்டினான். குஞ்சு பொரிந்த செய்தி கேட்ட அன்று பேரலகரும் வந்தார். பிளவு வழியாக ஒரு பழத்தை நீட்டினார்.

"இது குஞ்சுக்கு."

பிறகு இன்னொரு பழத்தை நீட்டினார்.

"இது உனக்கு. நீ தின்று முடிக்கும்வரை நான் இங்கேதான் இருப்பேன்."

உள்ளே அவள் தின்னும் ஓசை கேட்டது. அதைக் கேட்டுவிட்டுத்தான் அவர் பறந்தார். அத்திமரத்தில் இன்னும் ஏழு கிளைகள் பழுக்காமல் இருந்தன.

நீதி: கல்யாணம் ஒரு நாள், வாழ்க்கை மறுநாள் தொடங்குகிறது. மறுநாளுக்கு உரியதை எடுத்து முதல் நாளில் இறைத்துவிடாதே.