பதினொன்று எண்ணுவதற்குள்

காசிமேட்டுக் கஜபதி குத்துச்சண்டையில் கிடுகிடுவென்று மேலே வந்துகொண்டிருந்தான். நல்ல கனத்த உடம்பு. பதினெட்டுச் சண்டை, பதினெட்டு வெற்றி, எல்லாம் முதல் சுற்றிலேயே. அடுத்து சாம்பியனோடுதான் மோதவேண்டும் என்று, அவனை வைத்துச் சண்டை நடத்தும் தர்மலிங்கம் சங்கத்தில் மனு கொடுத்தார்.

"தோற்றவர்கள் எல்லாம் உப்புக்குச் சப்பாணி என்கிறார்களே?" என்றார் சங்கத் தலைவர்.

தர்மலிங்கத்துக்குச் சுருக்கென்றது. வாசலில் வாளியோடு நின்ற சவரியைக் கூப்பிட்டார். எதிராளிகளுக்குத் தண்ணீர் கொடுத்துத் துண்டால் விசிறிவிடுவது சவரியின் வேலை. அந்த வேலையைக் கொடுத்தவர் தர்மலிங்கம்.

"பதினெட்டுப் பேரையும் கிட்ட இருந்து பார்த்தவன் இவன். சொல்லுடா, எப்பேர்ப்பட்ட ஆளுங்க?" என்றவர், அவன் காதருகே குனிந்து, "குறைச்சுச் சொன்னே, நாளைலேருந்து வேலைக்கு வராதே" என்றார்.

"பொய் சொன்னால் இனி எந்த மேடைப் பக்கமும் வரமுடியாது" என்றார் தலைவர்.

சவரி வாளியைக் கீழே வைத்தான்.

"இன்னா தெம்பு சார் அவங்களுக்கு. ஒருத்தருக்கும் மூச்சு வாங்கலை. ஒரு சொம்புத் தண்ணி கேட்கலை."

தர்மலிங்கம் பெருமையாகத் தலையாட்டினார்.

"கீழே விழுந்தாக்கூட, நடுவர் பத்து எண்ணி முடிக்கிற வரைக்கும்தான் சார் படுத்திருப்பாங்க. பதினொண்ணு எண்ணுறதுக்குள்ள எழுந்து, பையைத் தூக்கிக்கினு பஸ்ஸுக்கு ஓடிடுவாங்க. துண்டோட நானும் பின்னாலயே ஓடிப் பார்த்தேன். ஒருத்தரையும் பிடிக்க முடியலை."

தலைவர் மனுவை மடித்துத் தர்மலிங்கத்திடமே நீட்டினார்.

தர்மலிங்கம் சவரியை முறைத்தார்.

"நான் ஒண்ணும் குறைச்சுச் சொல்லலையே, முதலாளி" என்றான் சவரி.