எல்லை தாண்டிய ஊதல்

ருமேனியாவின் வட எல்லையில், உக்ரேனியர்களே நிறைந்த மலைக் கிராமம் அது. ஆடு மேய்க்கும் ஹாஃபியா, மந்தையைத் திரட்ட நீளமான மரக்கொம்பை ஊதுவாள். புதிதாக வந்த எல்லை அதிகாரி கோர்னெல் அவளை மறித்தார்.

“உன் ஊதல் அனுமதியில்லாமல் எல்லை தாண்டுகிறது. திருப்பிக் கொண்டு வா, இல்லாவிட்டால் கொம்பு பறிமுதல்!”

மலையெங்கும் ஆடுகள் சிதறிக் கிடந்தன. கொம்பு போனால் மந்தையும் போச்சு. ஹாஃபியா பணிவாக ஒருமுறை ஊதினாள். எல்லைக்கு அப்பாலிருந்த மலையில் மோதி ஊதல் திரும்பி வந்தது.

“வந்துவிட்டது ஐயா. சோதனை போட்டுக்கொள்ளுங்கள்.”

அதிகாரிக்கு முகம் சிவந்துவிட்டது. எல்லைப் பக்கம் திரும்பி, “யாரங்கே?” என்று அதட்டினார்.

“யாரங்கே?” என்றது மலை.

“எல்லை அதிகாரி கோர்னெல்!” என்று விறைப்பாகச் சல்யூட் அடித்தார்.

“எல்லை அதிகாரி கோர்னெல்!” என்று பதில் வந்தது.

அவருக்கு வியர்த்துவிட்டது. “அந்தப் பக்கமும் ஒரு கோர்னெல் இருக்கிறானா?” என்று ஹாஃபியாவிடம் கிசுகிசுத்தார்.

“இருக்கிறார் ஐயா. ஆனால் நீங்கள் வாயைத் திறக்காதவரை அவரால் யாருக்கும் தொந்தரவில்லை.”