வாசலில் கிடந்த பலகை

மடத்துக்கு வருவதற்கு முன்பு அருஞ்சடை ஆபீஸ்களுக்கு மரத்தடுப்பு போட்டுக்கொண்டிருந்தவர். பெரிய கூடத்தைக் கொடுத்தால் மளமளவென்று நாலு அறையாக்கிக் காட்டுவார். அப்பேர்ப்பட்ட மனுஷனுக்கு, "நம்ம கூடத்துல ஒரு தடுப்பு போடப்பா" என்று மடத்தை நடத்தும் கந்தையா சாமி சொன்னதும் முகம் சுண்டிப் போயிற்று.

"இந்தக் கூடத்துலயா சாமி?"

"வேற எந்தக் கூடம் இருக்கு நமக்கு? செல்லக்கிளி பச்சைக் குழந்தையோட வந்திருக்கா. புகுந்த வீட்டுல துரத்திட்டாங்க. ஆம்பளைங்க நடமாடுற இடத்துல எப்படி இருப்பா? கதவோட ஒரு அறை வேணும்."

சரியென்று தலையாட்டினார். ஆனாலும் அவருக்கு மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

கூடத்தின் குறுக்கே கல்முட்டுகளின் மேல் ஒரு நீளப் பலகை உண்டு. கந்தையா சாமிக்கே குருவான பெரியவர் உயிரோடு இருந்த நாளில் அதன் நடுவில்தான் உட்காருவார். இரண்டு பக்கமும் சீடர்கள். சாயங்காலமானால் வேர்க்கடலையை உரித்து உரித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளிவிடுவார். பாட்டென்ன, சிரிப்பென்ன, ஒருத்தரை ஒருத்தர் வாரிவிடுவதென்ன! அடடா, அதெல்லாம் ஒரு காலம். அவர் உட்கார்ந்து உட்கார்ந்து பலகை அந்த இடத்தில் லேசாகக் குழிந்தே போயிருந்தது.

தடுப்பு வந்தால் பலகைக்கு இடம் ஏது? மூலையில் சாத்திவிடுவார்கள். அருஞ்சடை யோசித்தார். அந்தப் பலகையையே தடுப்புக்கு அடிச்சட்டமாகத் தரையில் போட்டுத் திருகாணியால் முடுக்கிவிட்டார். அதன்மேல் மரச்சட்டங்களை வரிசையாக நிறுத்தினார். நடுவில் கதவுக்கு இடம் விட்டு, மேலே கனமான கட்டை கொடுத்தார். பலகை மட்டும் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை ஒரே துண்டாக, வாசலின் குறுக்கேயும் கிடந்தது. வேலை முறையே அதுதான். தடுப்பு நின்ற பிறகு வாசலில் கிடக்கும் துண்டை அறுத்து எடுத்துவிட வேண்டும்.

ரம்பத்தோடு உட்கார்ந்தபோதுதான் பார்த்தார். பெரியவர் உட்கார்ந்த குழி சரியாக வாசலில் இருந்தது. இத்தனை வருஷம் தடுப்பு போட்டவருக்கு இது முன்னாலேயே தெரியாமல் போயிற்றே! கை வரவில்லை. கிடந்துவிட்டுப் போகட்டும் என்று எழுந்துவிட்டார்.

மறுநாள் காலையில் செல்லக்கிளி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். பலகை தடுக்கிக் குப்புற விழப் போனவள், எப்படியோ குழந்தையை அணைத்தபடி முழங்காலில் விழுந்தாள். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. அவளுக்குத்தான் ரத்தம்.

"நான்தான் கீழ பாக்காம வந்துட்டேன்" என்றாள். அருஞ்சடைக்கு வெட்கமாகப் போயிற்று. நேரே கந்தையா சாமியிடம் போய் நின்றார்.

"அறுக்கணும்னு தெரியுது சாமி. மனசு வரமாட்டேங்குது. அது பெரியவர் உட்கார்ந்த இடம்."

சாமி எழுந்து வந்து வாசலில் நின்றார்.

"பலகையை ஏன் ஒரே துண்டா போட்டே?"

"ரெண்டு பக்கமும் ஒரே நேரா நிக்கணுமே, சாமி. முதல்லயே வெட்டிப் போட்டா ஆளுக்கொரு பக்கம் போயிடும்."

"இப்ப நேரா நிக்குதா?"

"தூக்குக்குண்டு வச்சுப் பார்த்துட்டேன். அம்சமா நிக்குது."

"இதை எடுத்துட்டா சாஞ்சிடுமா?"

அருஞ்சடை தடுப்பைக் கையால் அசைத்துப் பார்த்தார்.

"சாயாது சாமி."

கந்தையா சாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பலகை ஆடாமல் ஒரு காலால் மிதித்துக்கொண்டார். அருஞ்சடை அழுதுகொண்டேதான் அறுத்தார். இரண்டு பக்கமும் அறுபட்டதும் துண்டு கையோடு வந்தது.

சாமி அதை வாங்கிக்கொண்டு உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டார். குழிந்த இடத்தை உள்ளங்கையால் தடவினார். அவருக்கும் கண் கலங்கிவிட்டது.

"எவ்வளவு சிரிச்சிருக்கோம் இதுல உக்காந்து" என்றார்.

அருஞ்சடைக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

"இந்தத் துண்டையாவது பூஜையில வச்சுக்கட்டுமா சாமி?"

சாமி துண்டை அவர் கையில் கொடுத்தார்.

"விறகெல்லாம் மழையில ஊறிக் கிடக்கு. குழந்தையை இன்னும் குளிப்பாட்டலை. இதை வெந்நீர் அடுப்புல வை."