மூக்கனின் முகமும் ராஜாவின் பெயரும்

கும்பினிக்காரர் காலத்தில் கருவேலங்கோட்டையை ஆண்ட குமார பூபதி ராஜா புலிக்குப் பயந்ததே இல்லை. புலி அந்தப் பக்கம் வந்ததே இல்லை. அவர் பயந்தது பென்சிலுக்கு. உருவத்தைப் படமாக எழுதினால் ஆயுசு குறையும் என்று ஜோசியர் சொல்லி வைத்திருந்தார்.

ஒருநாள் வெள்ளைக்காரச் சித்திரக்காரர் ஒருவர் ராஜாவைப் படம் எழுத வந்துவிட்டார். மறுத்தால் மரியாதை இல்லை. உட்கார்ந்தால் ஆயுசு இல்லை. யானைப்பாகன் மூக்கனுக்குத் தன் தலைப்பாகையையும் கடுக்கனையும் மாட்டிச் சிம்மாசனத்தில் உட்கார வைத்துவிட்டு, ராஜா அந்தப்புரத்தில் ஒளிந்துகொண்டார். வந்தவர் அரை நாளில் படத்தை முடித்தார். அடியில் 'கருவேலங்கோட்டை ராஜா' என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

படத்தைப் பார்த்ததும் ராஜா சொக்கிப் போனார். எடுப்பான மூக்கு, முறுக்கு மீசை, ஒரே ஒரு மோவாய். "நான்தான்" என்றார். அச்சு அசல் என்றது சபை. மூன்று மோவாய் உள்ளவரை நேரே பார்த்துக்கொண்டுதான் சொன்னது. சம்பளம் வாங்குகிற கண்ணுக்கு அப்படித்தான் தெரியும்.

படம் கொலுமண்டபத்தில் ஏறியது. வம்பும் கூடவே ஏறியது. அதைப் பார்த்துவிட்டுப் போன ஜனங்கள், தெருவில் மூக்கனைக் கண்டால் கும்பிட்டார்கள். ராஜாவுக்குப் பொறுக்கவில்லை. தன் முகத்தை வைத்துக்கொண்டு ஒரு பாகன் ஊரில் அலைவதா, நாளைக்கே குடும்பத்தோடு எல்லை தாண்டட்டும் என்று உத்தரவிட்டார். மூக்கன் பெண்டாட்டிக்கு அப்போது நிறைமாசம். பாவம், சபை நடுவில் நின்று அழுதான்.

"இது என் மூஞ்சி சாமி. இதை நான் எங்கே கழட்டி வைப்பேன்?"

சபைப் புலவர் சிற்றம்பலக் கவிராயர் எழுந்தார். பாட்டு சுமார்தான், வாய் பொல்லாதது.

"உத்தரவு நியாயம்தான் மகாராஜா. படம் தங்களுடையதுதானே?"

"அதிலென்ன சந்தேகம்?"

"அப்படியானால் குறைந்த ஆயுசும் தங்களுடையது. இளவரசர் பட்டாபிஷேகத்துக்கு நாள் பார்க்கச் சொல்லட்டுமா?"

ராஜாவுக்கு வியர்த்தது. படத்தை உற்றுப் பார்த்தார். அது மூக்கன் என்று அப்போதுதான் தெரிந்தது. சபைக்கும் அதே நொடியில் தெரிந்துவிட்டது. எல்லையும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், யானையைப் பார்த்துக்கொண்டு இங்கேயே கிடக்கட்டும் என்று சொல்லிவிட்டார் ராஜா. மூக்கன் ஆயுசைப் பற்றிக் கவலைப்படவில்லை. அவன் யானையோடு பிழைக்கிறவன்.

ஆனாலும் ராஜாவுக்கு மனசு ஆறவில்லை.

"புலவரே, ஒரு பாகன் முகத்தில் இத்தனை ராஜகளை எப்படி வந்தது?"

"சித்திரக்காரரைக் குறை சொல்ல முடியாது மகாராஜா. அவர் தங்களைப் பார்த்ததில்லை. ராஜா என்றால் இப்படித்தான் இருப்பார் என்று அவராக நினைத்துக்கொண்டுவிட்டார்."

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். கைக் கங்கணத்தைக் கழற்றிக் கொடுத்தார். அர்த்தம் புரிந்து அவர் சிரிப்பை நிறுத்துவதற்குள், கவிராயர் கங்கணத்தோடு வீடு போய்ச் சேர்ந்திருந்தார்.